பந்தும் புள்ளியும்: இங்கிலாந்தின் முதல் லீக் பருவம், 1888-89

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

விளையாட்டு என்பது திடலில் நடப்பது, கணிதம் என்பது கரும்பலகையில் நடப்பது என்று எண்ணியிருந்தவன் நான். இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்தித்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டன. அந்தக் கதையிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

நம் கல்லூரியில் துறைகளுக்கிடையே கால்பந்துப் போட்டி நடந்தது. ஆறு துறைகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு துறையும் மற்ற ஐந்து துறைகளோடும் ஒருமுறை ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. கணக்கெழுதும் வேலையை உடற்கல்வி இயக்குநர் ஐயா என்னிடம் கொடுத்தார். "கணக்குத் துறைப் பையன்தானே, எழுது" என்றார். பதினைந்து ஆட்டங்களும் முடிந்தபோது கணிதத் துறையும் வணிகவியல் துறையும் 10 புள்ளிகளோடு முதலிடத்தில் சமமாக நின்றன. இரு துறைகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டமும் 1-1 என்று சமனில் முடிந்திருந்தது.

எங்கள் துறை போட்ட கோல் 6, வாங்கிய கோல் 3. வணிகவியல் போட்டது 10, வாங்கியது 6. வகுத்துப் பார்த்தால் எங்களுக்கு 2, அவர்களுக்கு 1.67. கழித்துப் பார்த்தால் எங்களுக்கு 3, அவர்களுக்கு 4. வகுத்தால் சுழற்கோப்பை எங்களுக்கு, கழித்தால் அவர்களுக்கு! புள்ளிகள் சமமானால் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. வணிகவியல் அணித் தலைவரான மூன்றாமாண்டு அண்ணன் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் துறைக்கு நீயே தீர்ப்புச் சொல்லிக்குவியா?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அக்கேள்வி என்னைச் சுட்டது.

உடற்கல்வி இயக்குநர் ஐயா முடிவை ஒரு வாரம் ஒத்திவைத்தார். "லீக் ஆட்டம் எங்கே பிறந்ததோ அங்கே இதை எப்படித் தீர்த்தார்கள் என்று படித்துவிட்டு வா" என்று என்னை நூலகத்துக்கு அனுப்பினார். கோப்பைக்கு விடை தேடிப் போனவன் அதைவிடப் பெரியதொரு செய்தியோடு திரும்பினேன். அதனை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அரைநாள் விடுமுறை

இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1863-இல் தோன்றியது. அதன் கோப்பைப் போட்டி 1871-72-இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அக்கோப்பையை வென்றவர்கள் உயர்குடிப் பள்ளிகளில் பயின்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓய்வு நேரம் பிறப்போடு வந்தது.

உழைப்பாளிக்கு அது சட்டத்தால் வந்தது. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவு ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. லங்காஷயர் மாவட்டத்துப் பஞ்சாலை ஊர்களில் சனிக்கிழமைப் பிற்பகல் என்றால் கால்பந்து என்றாயிற்று. 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்று வென்று கோப்பையை முதன்முறையாக வடக்கே கொண்டு சென்றது. அவ்வணியில் நெசவாளிகளும் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளிகளும் இருந்தனர்.

"நெசவாளிகளும்" என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. அவருடைய பாட்டனார் காலம் வரை எங்கள் வீட்டில் குழித்தறி இருந்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் கூலி நாள். ஓட்டிய அளவுக்குத்தான் கூலி. ஆகவே அன்று மாலைவரை தறி நிற்காது. என் தந்தை இளமையில் ஊர் அணியில் இடது ஓரத்தில் ஆடியவர். பக்கத்து ஊர்ப் போட்டிகளுக்குக் கூப்பிடுவார்களாம். இரண்டு மூன்று முறை போனார்; பிறகு நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஆட்டத்துக்குப் போனா அன்னைக்குத் தறி நிக்கும். தறி நின்னா அடுப்பு நிக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

காசு வாங்கி ஆடலாமா?

ஆடுவதற்குக் கூலி வாங்குவது இழிவு என்று சங்கத்தை நடத்தியவர்கள் கருதினார்கள். விளையாட்டை அன்புக்காக ஆட வேண்டுமாம். நல்ல கருத்துத்தான். ஆனால் கூலியை இழந்துவிட்டு ஆட யாரால் முடியும்? வசதி உள்ளவரால் மட்டுமே முடியும். ஆக, "காசு வாங்காதே" என்ற விதி எல்லார்க்கும் பொதுவானது போலத் தோன்றினாலும், அது ஒரு சாராரை மட்டும் திடலுக்கு வெளியே நிறுத்தியது.

இதை வெளிப்படையாக எதிர்த்தவர் பிரஸ்டன் நகரத்து வில்லியம் சூடெல். பஞ்சாலை ஒன்றின் மேலாளராக இருந்தவர்; பிரஸ்டன் நார்த் எண்ட் கழகத்தை நடத்தியவர். ஸ்காட்லாந்திலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்து அவர்களுக்கு வேலையும் பணமும் கொடுத்தார். 1884 ஜனவரியில் லண்டனைச் சேர்ந்த அப்டன் பார்க் கழகம், பிரஸ்டனோடு ஆடிய கோப்பை ஆட்டத்துக்குப் பின், பிரஸ்டன் தன் ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கிறது என்று முறையிட்டது. சூடெல் மறுக்கவில்லை. பிரஸ்டன் அவ்வாண்டுப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் வடக்கிலிருந்த கழகங்கள் ஒன்றுதிரண்டு, தனிச் சங்கமே அமைத்துவிடுவோம் என்று எச்சரித்தன. விளைவாக, 1885 ஜூலையில் சங்கம் இறங்கி வந்தது. ஊதியம் பெறும் ஆட்டக்காரர் என்ற நிலை, சில கட்டுப்பாடுகளோடு, சட்டபூர்வமாயிற்று.

துணிக்கடைக்காரர் எழுதிய கடிதம்

ஊதியம் கொடுக்கலாம் என்றாயிற்று. ஊதியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆட்டம் பார்க்க வருவோர் கொடுக்கும் நுழைவுக் கட்டணம்தான் ஒரே வழி. ஆனால் அக்காலத்து ஆட்டங்கள் நட்புமுறை ஆட்டங்கள். வருவதாகச் சொன்ன அணி கடைசி நேரத்தில் வராது. கோப்பைப் போட்டி குறுக்கே வந்தால், ஒப்புக்கொண்ட ஆட்டம் நின்றுபோகும். கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் பிறகு வருவாய்க்கு வழியில்லை. செலவோ வாரந்தோறும் உறுதி. வரவு மட்டும் உறுதியில்லை.

இதற்கு மருந்து கண்டவர் வில்லியம் மெக்ரெகர். ஸ்காட்லாந்தில் பிறந்து பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆஸ்டன் வில்லா கழகத்தின் குழுவில் இருந்தவர். 1888 மார்ச் 2 அன்று சில முன்னணிக் கழகங்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு சொந்தத் திடலில் ஒருமுறையும் எதிரியின் திடலில் ஒருமுறையும் ஆடுவதென்று முன்னதாகவே உறுதி செய்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். மார்ச் 22 அன்று லண்டனில் ஒரு கூட்டமும், ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரில் ஒரு கூட்டமும் நடந்தன. "கால்பந்து லீக்" பிறந்தது. உலகெங்கும் இன்று நடக்கும் லீக் ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

பன்னிரண்டு கழகங்கள், நூற்று முப்பத்திரண்டு ஆட்டங்கள்

பன்னிரண்டு கழகங்கள் சேர்க்கப்பட்டன. ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை: அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பர்ன்லி, எவர்ட்டன், பிரஸ்டன் நார்த் எண்ட். மற்ற ஆறு நடு இங்கிலாந்தைச் சேர்ந்தவை: ஆஸ்டன் வில்லா, டெர்பி கவுண்ட்டி, நாட்ஸ் கவுண்ட்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ். லண்டனிலிருந்தோ தெற்கிலிருந்தோ ஒரு கழகம்கூட இல்லை. தெற்கிலிருந்து முதல் கழகமாக ஆர்சனல் சேர்ந்தது 1893-இல்தான்.

ஏன் பன்னிரண்டு? இங்கே கணிதம் வருகிறது. கழகங்களின் எண்ணிக்கை ன என்றால், ஒவ்வொரு கழகமும் மற்ற (ன - 1) கழகங்களோடு இருமுறை ஆட வேண்டும். ஒரு கழகத்துக்கு 2(ன - 1) ஆட்டங்கள். மொத்தம் ன(ன - 1) ஆட்டங்கள். லீக் ஆட்டங்களுக்கு ஒதுக்கக் கிடைத்த நாள்கள் 22. ஆகவே 2(ன - 1) = 22; ன = 12. இடம் கேட்டு வந்த வேறு சில கழகங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாமல் போனதற்கு இந்த எளிய சமன்பாடும் ஒரு காரணம். மொத்த ஆட்டங்கள் 12 x 11 = 132.

1888 செப்டம்பர் 8 சனிக்கிழமை லீக்கின் முதல் ஆட்டங்கள் நடந்தன. இன்று நாம் காணும் ஆட்டத்துக்கும் அன்றைய ஆட்டத்துக்கும் வேற்றுமை பல. கோல் கம்பங்களுக்குப் பின்னே வலை கிடையாது. பெனால்டி உதை கிடையாது. அது 1891-இல் வந்தது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. காலில் அடிபட்டால் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்று அணி நின்றது. தாக்குவோர் மிகுதி, தடுப்போர் குறைவு என்பதால் கோல்கள் மலிந்தன. பருவம் முழுவதும் 587 கோல்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 4.45.

வியப்பான செய்தி இனிமேல்தான். ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கிவிட்டன. ஆனால் புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்திருக்கவில்லை! வெற்றியை மட்டும் எண்ணினால் போதும், சமனுக்கு எதுவும் தரவேண்டாம் என்றொரு கருத்து இருந்தது. வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்ற விதி நவம்பரில்தான் உறுதியாயிற்று. இதைப் படித்தபோது நான் நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நம் கல்லூரிப் போட்டியில் நேர்ந்த பிழையை உலகின் முதல் லீக்கும் செய்திருக்கிறது.

தோல்வியறியாத அணி

பருவம் முடிந்தபோது அட்டவணை இவ்வாறு இருந்தது. முதலில் வெற்றி, சமன், தோல்வி, பின் போட்ட கோல், வாங்கிய கோல், இறுதியில் புள்ளி.

1. பிரஸ்டன்: 18, 4, 0; 74, 15; 40
2. ஆஸ்டன் வில்லா: 12, 5, 5, 61, 43, 29
3. வுல்வர்ஹாம்ப்டன்: 12, 4, 6, 51, 37, 28
4. பிளாக்பர்ன்: 10, 6, 6, 66, 45, 26
5. போல்டன்: 10, 2, 10; 63, 59; 22
6. வெஸ்ட் பிராம்விச்: 10, 2, 10; 40, 46; 22
7. அக்ரிங்டன்: 6, 8, 8, 48, 48, 20
8. எவர்ட்டன்: 9, 2, 11, 35, 47, 20
9. பர்ன்லி: 7, 3, 12; 42, 62; 17
10. டெர்பி: 7, 2, 13, 41, 61, 16
11. நாட்ஸ் கவுண்ட்டி: 5, 2, 15, 40, 73, 12
12. ஸ்டோக்: 4, 4, 14; 26, 51; 12

கணக்குப் பயில்வோர் முதலில் செய்ய வேண்டியது சரிபார்த்தல். ஒவ்வோர் ஆட்டத்திலும், யார் வென்றாலும் சமனானாலும், இரண்டு புள்ளிகளே பகிரப்படுகின்றன. ஆகவே மொத்தப் புள்ளிகள் 132 x 2 = 264 ஆக இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள்; சரியாக வரும். போட்ட கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் 587-ஆக ஒத்துப்போகும்.

பிரஸ்டன் 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. பெறக்கூடிய 44 புள்ளிகளில் 40 பெற்றது. இது நூற்றுக்கு 91. அதே பருவத்தில் சங்கக் கோப்பையையும் வென்றது. 1889 மார்ச் 30 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று தோற்கடித்தது. அக்கோப்பையின் எந்தச் சுற்றிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில் ஒரு பருவம் முழுவதும் தோற்காமல் இருந்த அடுத்த அணி 2003-04-இன் ஆர்சனல்; 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமன். இடைப்பட்டது 115 ஆண்டுகள்.

அவ்வணியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். கோல்களைக் குவித்த ஜான் குடால், ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு லண்டனில் பிறந்தவர். ஊதியம் பெற்று ஆடியவர். அணித் தலைவர் பிரெட் டியூஹர்ஸ்ட் பள்ளி ஆசிரியர், ஊதியம் பெறாதவர். இறுதியாட்டத்தில் கோல் காத்த மில்ஸ் ராபர்ட்ஸ் வேல்ஸ் நாட்டு மருத்துவர். ஆசிரியரும் மருத்துவரும் கூலிக்கு ஆடியவர்களும் ஒரே சட்டை அணிந்து நின்றனர். காசு வாங்குபவன் கலந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களுக்கு இந்த அணியே விடையாயிற்று.

விதியை மாற்றினால் வரிசை மாறும்

இனி, நான் நூலகத்துக்கு எதற்காகப் போனேனோ அதற்கு வருகிறேன். மேற்கண்ட அட்டவணையை நான்கு விதிகளால் சோதித்துப் பார்த்தேன். இக்கணக்குகள் என்னுடையவை, பிழை இருந்தால் பேராசிரியர்கள் திருத்த வேண்டுகிறேன்.

முதலாவது, கோல் விகிதம். போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பது. நாட்ஸ் கவுண்ட்டிக்கு 40/73 = 0.548; ஸ்டோக்குக்கு 26/51 = 0.510. எனவே நாட்ஸ் 11-ஆவது, ஸ்டோக் 12-ஆவது. அச்சிட்ட அட்டவணை இம்முறையோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, கோல் வேறுபாடு. இங்கிலாந்து லீக் 1976-77 பருவத்திலிருந்து பின்பற்றுவது இதைத்தான். நாட்ஸ் 40 - 73 = -33; ஸ்டோக் 26 - 51 = -25. இதன்படி ஸ்டோக் 11-ஆவது, நாட்ஸ் 12-ஆவது. ஆட்டம் ஒன்றே, கோல் ஒன்றே. கடைசி இடம் மட்டும் கை மாறிவிட்டது.

மூன்றாவது, வெற்றிக்கு 3 புள்ளி. இங்கிலாந்தில் இது 1981-82-இல் வந்தது. இதன்படி எவர்ட்டன் 29, அக்ரிங்டன் 26. எட்டாம் இடத்திலிருந்த எவர்ட்டன் ஏழாம் இடத்துக்கு ஏறிவிடும். கீழே நாட்ஸ் 17, ஸ்டோக் 16. வகுக்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இம்முறையில் மொத்தப் புள்ளி நிலையானதன்று. சமன்கள் கூடக்கூட மொத்தம் குறையும். 110 ஆட்டங்கள் வெற்றி தோல்வியாகவும் 22 ஆட்டங்கள் சமனாகவும் முடிந்ததால் இங்கே மொத்தம் 374.

நான்காவது, வெற்றியை மட்டும் எண்ணுவது. இதுவே மிகப் பெரிய மாறுதலைத் தருகிறது. 6 வெற்றிகளே பெற்ற அக்ரிங்டன் ஏழாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குச் சரிந்துவிடும். பர்ன்லியும் டெர்பியும் 7 வெற்றிகளோடு அதன் மேலே ஏறிவிடும். அவ்விரண்டையும் பிரிக்கப் போனால் இன்னொரு வேடிக்கை: இரண்டுக்கும் கோல் வேறுபாடு -20. கழித்தல் கைவிட்டுவிடுகிறது, வகுத்தால் மட்டுமே பர்ன்லி 0.677, டெர்பி 0.672 என்று மயிரிழையில் பிரிகிறது.

வகுத்தலுக்கும் குறை உண்டு. கோப்பைப் போட்டியில் பிரஸ்டன் வாங்கிய கோல் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க இயலாது என்பதை நாம் அறிவோம். மேலும், குறைவாக வாங்கும் அணிக்கு வகுத்தல் சலுகை தருகிறது. மிகுதியாகப் போடும் அணிக்குக் கழித்தல் சலுகை தருகிறது. எது நியாயம் என்று கணிதம் சொல்லாது. எந்த விதியை எடுத்தால் என்ன வரும் என்று மட்டுமே அது சொல்லும். விதியைத் தேர்வது மனிதர் பொறுப்பு. அதை எப்போது தேர்கிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது.

கடைசி நால்வர்

கடைசி இடங்களைப் பற்றி இவ்வளவு ஆராய்வானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. லீக்கில் கடைசி நான்கு இடங்களில் நின்ற கழகங்கள் அடுத்த பருவத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வாக்கெடுப்பில் வென்றால்தான் இடம். ஆகவே எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவே உள்ள கோடு, உள்ளே இருப்பதற்கும் வெளியே நிற்பதற்கும் நடுவே உள்ள கோடு. அவ்வாண்டு பர்ன்லி, டெர்பி, நாட்ஸ், ஸ்டோக் ஆகிய நான்கும் விண்ணப்பித்தன. நான்குக்கும் மீண்டும் இடம் கிடைத்தது. ஆனால் அடுத்த பருவத்திலும் கடைசியாக வந்த ஸ்டோக்குக்குக் கிடைக்கவில்லை. அதன் இடத்தில் சண்டர்லாந்து வந்தது. வெற்றியை மட்டும் எண்ணும் விதி வந்திருந்தால், 1889-இல் பர்ன்லி தப்பியிருக்கும். அக்ரிங்டன் விண்ணப்பத்தோடு நின்றிருக்கும்.

இக்கோட்டை நான் அறிவேன். இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது அப்படிப்பட்ட ஒரு கோட்டின் மீதுதான். கடைசி இடத்துக்கு என் மதிப்பெண்ணே வாங்கிய மற்றொரு மாணவனும் நின்றான். வயதில் மூத்தவருக்கு இடம் என்பது விதி. நான் சில வாரங்கள் மூத்தவன். விதி முன்னரே அச்சிட்டிருந்தது; யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும், எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் என்று என் தாய் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்த அன்று, வாசலுக்கு வெளியே தன் தந்தையோடு நின்ற அவன் முகத்தையும் நான் பார்த்தேன். அவன் ஸ்டோக், நான் நாட்ஸ் கவுண்ட்டி. நாங்கள் இருவருமே 12 புள்ளிகள்தாம்.

மில் கணக்கு

பிரஸ்டனின் கதையில் மறைக்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு. பிரஸ்டன் 1889-90-லும் லீக்கை வென்றது. அதன்பின் இன்றுவரை முதல் நிலை லீக்கை வென்றதில்லை. அவ்வணியை உருவாக்கிய சூடெல், தாம் மேலாளராக இருந்த ஆலையின் பணத்தைக் கையாடல் செய்ததாக 1895-இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். அப்பணத்தில் பெரும்பகுதி கழகத்துக்கே செலவானது என்பர். விடுதலைக்குப்பின் அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கேயே மறைந்தார்.

ஆலையின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லங்காஷயரின் பருத்தித் துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். அந்தச் சீமைத் துணி இங்கே வந்திறங்கியதால் நம் நாட்டுக் கைத்தறியாளர் பலர் தொழிலை இழந்தனர் என்பது வரலாறு. பிரஸ்டனின் நெசவாளிக்குக் கிடைத்த சனிக்கிழமைப் பிற்பகலுக்கு நம் குழித்தறியும் ஒரு சிறு விலை கொடுத்திருக்கிறது எனலாம். அதற்காக அந்த நெசவாளியை நான் பகைவனாக எண்ணவில்லை. அவனும் காலையிலிருந்து நின்றே வேலை செய்தவன். 1931-இல் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்றபோது, அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்த தொழிலாளிகளே அவரை அன்போடு வரவேற்றார்கள் என்பதையும் நினைவுகூர்கிறேன்.

ஊதியம் சட்டபூர்வமானதோடு உழைப்பவனின் போராட்டம் முடிந்துவிடவில்லை. 1901-இல் ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுனுக்குமேல் தரக்கூடாது என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். தொகை காலத்துக்கேற்ப உயர்ந்தாலும், உச்சவரம்பு என்ற ஏற்பாடு நீங்கியது 1961-இல்தான். கூலி வாங்கலாமா என்பதில் தொடங்கிய கேள்வி, எவ்வளவு வாங்கலாம் என்பதில் எழுபது ஆண்டுகளுக்குமேல் நீடித்தது.

முடிவுரை

ஒரு வாரம் கழித்து உடற்கல்வி இயக்குநர் ஐயாவின் அறையில் நான் படித்ததைச் சொன்னேன். "வகுத்தால் நாங்கள் வெல்கிறோம் ஐயா, கழித்தால் அவர்கள் வெல்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டும் இருந்திருக்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்தபின் விதியைத் தேடினால், தேடுபவன் தன் அணிக்கு ஏற்றதைத்தான் கண்டுபிடிப்பான். நானும் அப்படித்தான் முதல் நாள் வகுத்தேன், பிறகுதான் கழித்தேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ திடல்லயே தீர்த்துக்குங்க" என்றார்.

இரு துறைகளும் மீண்டும் ஆடின. கடைசி ஐந்து நிமிடத்தில் விழுந்த ஒரு கோலால் வணிகவியல் துறை 1-0 என்று வென்றது. கூடம் கோணல் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை. ஆட்டத்தில் அவர்களே மேல். மூன்றாமாண்டு அண்ணன் கோப்பையை வாங்கியபின் என்னிடம் வந்து கைகொடுத்தார். அடுத்த ஆண்டுப் போட்டிக்கான விதிகள் இப்போதே உடற்கல்வித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. புள்ளிகள் சமமானால் கோல் வேறுபாடு. அதுவும் சமமானால் தங்களுக்குள் ஆடிய ஆட்டம். அதுவும் சமமானால் மறு ஆட்டம். அதை எழுதியவன் நான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது பிரஸ்டனைப் பற்றி என் தந்தையிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நெசவாளிகள் கோப்பை வென்றதைச் சொன்னேன். தோல்வியே அறியாத அணியைச் சொன்னேன். அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், "அவங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் கெடைச்சுது, ஆடினாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "உனக்கு நாள் முழுக்கக் கெடைச்சிருக்கு. படி" என்றார்.

நண்பர்களே, 1888-89 ஆட்டப் பருவத்தைப் பற்றி நான் படித்த நூல்கள் சொன்னதும் இதுவே. திறமை எங்கும் இருக்கிறது; நேரம்தான் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அது நமக்கு வாய்த்திருக்கிறது. வாய்க்காதவர்களை மறவாமல் அதை நன்கு செலவிடுவோம்.